கழி இறங்கிய இடம்: தேவிபட்டினம் கடலில் ஒரு தாழை வரைபடம் தவறிய விவரம்

லேமினேட் செய்த வரைபடத்தை முழங்கால் மேல் விரித்துக்கொண்டு வத்தையின் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் நின்ற இடம் வரைபடத்தில் அடர்பச்சை. அடர்பச்சை என்றால் கடல் தாழை, அதாவது கடலடியில் வளரும் கடற்புல், நெருக்கமாக வளர்ந்த தரை என்று அர்த்தம். பின்னால் நின்ற படகுக்கார அண்ணன் கழியைச் செங்குத்தாக இறக்கினார். அது இறங்கிக்கொண்டே போனது. உருவி எடுத்தபோது நுனியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருஞ்சேறு அப்பியிருந்தது.

"தாழைன்னா கழி இப்படியா தம்பி போகும்? மெத்தையில குத்துன மாதிரி நிக்கும். இது வெறுஞ்சேறு."

அன்றைக்கு அடர்பச்சை என்று குறித்து எடுத்துப்போன பன்னிரண்டு இடங்களைப் பார்த்தோம். ஏழில் கழி இப்படியே இறங்கியது. வரைபடத்தின் துல்லியம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் என்று முந்தைய வாரம்தான் துறைக் கருத்தரங்கில் காட்டி, கைதட்டலும் வாங்கியிருந்தோம். அந்தத் தொண்ணூறு எங்கிருந்து வந்தது, ஏழு சேறு எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்த கதை இது. படகில் போட்ட பெட்ரோலைவிட இதில்தான் எங்கள் நேரம் அதிகம் கரைந்தது.

நாங்கள் மூன்று பேர். கணிதத் துறையிலிருந்து ஒருவர், படப் பகுப்பாய்வு தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர், பொறியியல் பக்கத்திலிருந்து நான். எடுத்துக்கொண்ட பகுதி தேவிபட்டினத்தில் தொடங்கி திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை வழியாகக் காரங்காடு வரைக்கும் பாக் விரிகுடாக் கரையோரம். ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, தாழைதான் சோறு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது. அதற்குத் தெற்கே இராமநாதபுரம் பக்கம் தாழை எங்கே எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பது எங்கள் நோக்கம். ட்ரோன் அனுமதி கையில் இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிற எல்லைக் கடல் இது, நினைத்தபடி பறக்கவிடுகிற இடமில்லை. ஆகவே செயற்கைக்கோள் படம்தான் கதி. சென்டினல் 2 படங்கள் இலவசம். இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒரு முறை வருகின்றன. நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்ற நான்கு பேண்டுகளிலும் (ஒளியின் அலைநீளப் பட்டைகளிலும்) ஒரு பிக்சல் தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.

தண்ணீருக்குள் படம் பார்ப்பது

நிலத்தைப் படம் எடுப்பதுபோல் இல்லை இது. கடலடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தண்ணீரை இரண்டு முறை கடக்கிறது, இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை. ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு பங்கு உறிஞ்சப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பூகேரும் லாம்பெர்ட்டும், 1852இல் பேயரும் எழுதிவைத்த விதிதான். ஆழம் சீராகக் கூடினால் வெளிச்சம் அடுக்குக்குறியாகக் குறையும். சிவப்பு சில மீட்டரிலேயே செத்துவிடும். நீலமும் பச்சையும்தான் கீழே வரை போய் வரும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு மீட்டர் ஆழத்துத் தாழையும் நான்கு மீட்டர் ஆழத்து மணலும் படத்தில் ஒரே இருட்டாகத் தெரியலாம். இதற்கு டேவிட் லிசெங்கா 1978இல் ஒரு வழி சொன்னார். இரண்டு பேண்டுகளிலும், ஆழ்கடலின் வெளிச்சத்தைக் கழித்துவிட்டு, மடக்கை எடுக்க வேண்டும். மடக்கை எடுத்ததும் அடுக்குக்குறி நேர்கோடாகிவிடும். நீலத்தின் கோட்டிலிருந்து பச்சையின் கோட்டைச் சரியான விகிதத்தில் பெருக்கிக் கழித்தால் ஆழம் என்ற உறுப்பே விழுந்துவிடும். மிஞ்சுவது தரை என்ன தரை என்பதை மட்டும் சொல்லும் எண். அந்த விகிதம்? நீலம் எவ்வளவு வேகமாக மங்குகிறது, பச்சை எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதன் விகிதம். ஒரே மாதிரி மணல் பல ஆழங்களில் கிடக்கும் இடத்தில் படத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்ளலாம்.

தேவிபட்டினத்தில் அப்படி மணல் திட்டு எங்களுக்குச் சிக்கவில்லை. எங்கும் சேறும் தாழையும். படத்தின் வலது ஓரத்தில் இராமேசுவரம் பக்கம் அழகான வெண்மணல் தெரிந்தது. அங்கே விகிதத்தை எடுத்து, இங்கே போட்டோம். இந்த ஒரு வரி எங்கள் நிரலில் பதினான்கு எழுத்துகூட இருக்காது.

அது என்ன செய்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காகச் சுலபமான எண்களை வைத்துக்கொள்கிறேன். தெளிந்த நீரில் நீலத்தின் மங்கல் கெழு மீட்டருக்கு 0.10, பச்சைக்கு 0.15 என்று கொள்வோம். விகிதம் மூன்றில் இரண்டு, அதாவது 0.667. போக வர இரண்டு மடங்கு என்பதால் மடக்கையில் நீலம் மீட்டருக்கு 0.2 குறையும், பச்சை 0.3 குறையும். 0.3ஐ 0.667ஆல் பெருக்கினால் அதே 0.2. கழித்தால் பூச்சியம். ஆழம் மறைந்துவிட்டது, சூத்திரம் வேலை செய்கிறது.

இப்போது கலக்கலான நீர். மக்கிய இலைச்சாறும் நுண்சேறும் கலந்தால் நீலம்தான் முதலில் அடிபடும். நீலத்தின் கெழு 0.40, பச்சைக்கு 0.30 என்று வைப்போம். மடக்கையில் நீலம் மீட்டருக்கு 0.8 குறைகிறது, பச்சை 0.6. பழைய விகிதத்தையே போட்டால் 0.6ஐ 0.667ஆல் பெருக்க 0.4. கழித்துப் பார்த்தால் மீட்டருக்கு 0.4 மிச்சம் நிற்கிறது. ஆழம் மறையவில்லை, ஒளிந்துகொண்டு எண்ணைக் கீழே இழுக்கிறது.

மணலும் தாழையும் இந்த எண்ணில் எவ்வளவு தள்ளி நிற்கும்? மணல் தாழையைவிட ஆறு மடங்கு பிரகாசம் என்று எடுத்தால் 6இன் இயல் மடக்கை 1.79. நீலத்தில் 1.79, பச்சையில் 1.79இல் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 0.6. இவ்வளவுதான் இடைவெளி. ஆழம் மீட்டருக்கு 0.4 இழுத்தால் ஒன்றரை மீட்டரில் 0.6 போய்விட்டது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் வெறுந்தரை தாழை வேடம் போட்டு நிற்கிறது. மூன்று மீட்டரில் தாழையைவிட அதிகத் தாழை! அண்ணன் கழி இறக்கிய இடம் ஏறக்குறைய ஒன்றரைப் பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்). இந்தக் கணக்கைக் கணிதத் துறை நண்பர் டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோது, நாங்கள் நாற்பது நாள் ஓட்டிய நிரல் கண் முன்னால் வந்து நின்றது.

மேகமில்லாத நாள், தெளிவில்லாத கடல்

படம் எடுத்த தேதிக்கு வருகிறேன். தை மாதப் படம். மேகம் ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று வடிகட்டித் தேடியதில் கிடைத்தது. திரையில் பார்க்கும்போது அவ்வளவு சுத்தம். படத்தை இறக்குகிற தளம் மேகத்தின் அளவைச் சொல்லும், கலக்கின் அளவைச் சொல்லாது. வாடைக் காற்று இந்தக் கரை மேல் நேராக அடிக்கிற காலம் அது. விரிகுடா மொத்தமே பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான், கரையோரம் அதைவிடக் குறைவு, அலை அடியைக் கிளறாமல் விடாது. காற்று நின்ற பிறகும் நுண்சேறு படிய நாள் பிடிக்கும்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டது எங்கள் கணக்கைப் பார்த்து அல்ல. "தையில வாடை கிடக்கும்போது யாராச்சும் தண்ணிக்குள்ள பாப்பாங்களா தம்பி? பங்குனி, சித்திரையில வந்திருக்கணும். கண்ணாடி கணக்கா கிடக்கும்."

கலக்கு இன்னொரு வேலையும் பார்த்திருந்தது. கடல் மேற்பரப்பில் வெயில் பட்டு மினுங்குவதை நீக்க எல்லாரும் ஒரு திருத்தம் போடுவார்கள். 2005இல் ஹெட்லி முதலானோர் எளிமையாக்கிக் கொடுத்த முறை. அகச்சிவப்பைத் தண்ணீர் முழுக்க விழுங்கிவிடும், ஆகவே அகச்சிவப்பில் ஏதாவது தெரிந்தால் அது மேற்பரப்பு மினுக்கமே என்று கொண்டு, அதற்கு ஈடான அளவை மற்ற பேண்டுகளிலும் கழிப்பார்கள். தெளிந்த பவளக்கடலுக்குச் சரி. சேறு கலந்த நீரோ அகச்சிவப்பையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். திருத்தம் அதை மினுக்கம் என்று நம்பி நீலத்திலும் பச்சையிலும் வெட்டிவிட்டது. நீலம் ஏற்கெனவே சோனி, வெட்டியபின் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தின்று சமன் ஆவதும் உண்டு. இங்கே இரண்டும் ஒரே பக்கம் தள்ளின, சேற்றைத் தாழையாக்கும் பக்கம்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் இதே திருத்தத்தால் நடந்தது. நீர் வற்றும் நேரத்தில் ஆழமில்லாத இடத்துத் தாழை, இலை நுனியை மேற்பரப்பில் விரித்துப் போட்டு மிதக்கும். உயிருள்ள இலை அகச்சிவப்பில் பளீரென்று தெரியும். திருத்தம் அதையும் மினுக்கம் என்று வெட்டி, நிஜத் தாழையின் ஓரம் ஒன்றை 'வகைப்படுத்த இயலாதது' என்று தள்ளியிருந்தது. கரையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த் தொடக்கூடிய தாழை அது.

தொண்ணூறு எப்படி வந்தது

எனக்கு அதிக வெட்கம் தந்த இடம் இதுதான். மேலே சொன்னவை இயற்பியல், படித்தால் தெரிந்துகொள்ளலாம் என்று சமாதானம் சொல்லலாம். இது நாங்களே எங்களுக்கு வைத்துக்கொண்ட பரீட்சை.

களத்தில் சரிபார்த்த திட்டுகளைப் படத்தில் வட்டமிட்டு, உள்ளே விழுந்த பிக்சல்களை எல்லாம் ஒரு குவியலாக்கினோம். சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கி, எழுபது சதவீதத்தை மாடலுக்கு, அதாவது தாழையா வெறுந்தரையா என்று பிரிக்கும் நிரலுக்கு, பாடமாகவும் முப்பதைப் பரீட்சையாகவும் வைத்தோம். பாடப்புத்தகங்களில் இருக்கிற முறைதான். ஆனால் ஒரே தாழைத் திட்டில் பக்கத்துப் பக்கத்துப் பத்து மீட்டர் பிக்சல்கள் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைப் பாடத்தில் காட்டிவிட்டு அதன் இரட்டையைப் பரீட்சையில் கேட்டால் யார்தான் தேறமாட்டார்கள்? கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்த பரீட்சை.

அதற்கு மேல், சரிபார்த்த திட்டுகள் எல்லாமே திருப்பாலைக்குடிப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில். ஏன்? பேருந்து வசதி, இறங்கி நடக்கலாம், படகுக் கூலி மிச்சம். ஆழமான சேற்றுத்தரையை மாடல் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காததைப் பரீட்சையும் கேட்கவில்லை.

மாணவி அதே தரவை எடுத்து, கரையோரத்தை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டம் பாடத்தில் இருந்தால் அதன் ஒரு பிக்சல்கூடப் பரீட்சைக்குப் போகாதபடி மறுபடி ஓட்டினார். தொண்ணூறு எழுபதைக்கூடத் தொடவில்லை. அன்றிரவு அவர் எனக்கு அனுப்பிய செய்தியில் எண் மட்டும் இருந்தது, வேறு ஒரு சொல் இல்லை.

சதவீதம் என்ற எண்ணே இங்கே கொஞ்சம் ஏமாற்றுக்காரன். எடுத்துக்கொண்ட பரப்பில் எண்பது பங்கு வெறுந்தரை என்றால், 'எங்குமே தாழை இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவனுக்கும் எண்பது மதிப்பெண் கிடைக்கும். குருட்டாம்போக்கில் கிடைக்கிற ஒத்துப்போதலைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அளக்கத்தான் 1960இல் ஜேக்கப் கோஹன் கப்பா என்ற அளவை வைத்தார். அவர் அதை உருவாக்கியது உளவியலில், ஒரே நோயாளியைப் பார்க்கும் இரண்டு பேர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க. எங்களுக்கு அது பிறகு அந்த நிஜப் பயனுக்கே உதவியது.

குழாயும் தங்கூசியும்

படகுக்குப் போய் ஒவ்வொரு இடத்திலும் அண்ணனைக் கழி இறக்கச் சொல்லலாம், அதுவே நல்ல கருவிதான். ஆனால் அடர்த்தி எவ்வளவு என்று கழி சொல்லாது. அரை அங்குல பி.வி.சி. குழாயில் ஐம்பது சென்டிமீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்து, அதில் தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் இழையை) குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி இருபத்தைந்து கட்டமாக்கினோம். நான்கு மூலையிலும் வலைக்குப் போடும் ஈயம். மேலே கோபுரம்போல் குழாய் ஏற்றி, உச்சியில் நீர்ப்புகாப் பெட்டிக்குள் சின்ன ஆக்‌ஷன் கேமரா.

கேமராவைக் கடைக்காரர் கொடுத்த அளவுகளோடு நம்பக்கூடாது. தட்டைக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்த்தால், நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.34 என்பதால், பொருள் முக்கால் தூரத்தில் இருப்பதுபோல் பெரிதாகத் தெரியும், ஓரங்கள் பார்வைக்கு வெளியே போகும். கரையில் சட்டம் முழுக்கத் தெரிந்த கேமரா, தண்ணீருக்குள் போனதும் நான்கு மூலைகளையும் தின்றுவிட்டது. கோபுரத்தை உயர்த்தி இன்னொரு முறை ஒட்டினோம். சட்டமே படத்துக்குள் அளவுகோலாக இருப்பதால் மற்ற உருத்திரிபு எங்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

முதல் நாள் எடுத்த காணொளி முழுக்கப் பால். சட்டம் தரையில் உட்கார்ந்ததும் சேறு புகைபோல் கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதன் பிறகு தரையைத் தொடுவதற்கு ஒரு முழம் மேலேயே நிறுத்தி, பத்து எண்ணி, அப்புறம் இறக்கினோம். பெட்டிக்குள் ஆவி படிந்ததற்கு, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டது போதுமானதாக இருந்தது.

இடத்தைக் குறிப்பது தனிப் பாடு. கைபேசி ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும், பிக்சலோ பத்து மீட்டர், படகும் ஓரிடத்தில் நிற்காது. படமே தள்ளி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? சரிபார்க்க அசையாத ஒரு பொருள் கடலுக்குள்ளேயே வேண்டும். தேவிபட்டினத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கடலுக்குள் நவகிரகக் கற்கள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றிய மேடையும் அதற்குப் போகும் நடைபாதையும் செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் முதலில் மேடையின் மூலையில் நின்று இடத்தைப் பதிந்துகொண்டுதான் கிளம்பினோம். ஒன்பது கோளும் எங்களுக்குச் செய்த உதவி அது.

எடுத்த படங்களை நானும் மாணவியும் தனித்தனியே பார்த்து, இருபத்தைந்து கட்டங்களில் எத்தனையில் தாழை என்று எழுதினோம். கப்பா போட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரே சரியாக ஒத்துப்போகவில்லை. செத்து மடிந்து பள்ளத்தில் தங்கிய இலைக் குப்பையை நான் தாழை என்று எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் எண்ணவில்லை. தரையில் வேர் பிடித்து நிற்பது மட்டுமே தாழை என்று முடிவெடுத்துத் திரும்ப எண்ணினோம். வாடைக்குப் பின் இந்தக் கரையில் இலைக் குப்பை மெத்தை மெத்தையாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, கடலுக்குள்ளும் அது எவ்வளவு கிடக்கும் என்று புரியும்.

மன்னார் பக்கத்து அக்கா சொன்னது

மண்டபத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டையும் அதே மாடலில் ஓட்டிப் பார்த்திருந்தோம். அங்கே நீர் தெளிவு, கணக்கும் சரி, ஆனாலும் பாறை மேல் தாழை என்று வந்தது. பாசி எடுக்கும் அக்கா ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். படத்தை ஒரு தடவை திருப்பிப் பிடித்தார், கரை எந்தப் பக்கம் என்று கேட்டார், பிறகு விரலை வைத்தார்.

"இது பாரு. பாருல எங்கிட்டுத் தம்பி தாழை? கட்டக்கோரை இது."

கட்டக்கோரை என்பது சர்காசம், பழுப்புப் பாசி. பாரில், அதாவது கடலடிப் பாறையில், ஒட்டி ஆள் உயரத்துக்கு வளரும். நான்கு அகலமான பேண்டுகளுக்கு அந்தப் பழுப்பும் தாழையின் பச்சையும் ஏறக்குறைய ஒன்று. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றும் எந்த மாதம் தழைக்கும், எந்த மாதம் உதிரும் என்று அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அதிலிருந்து கிடைத்த வழி சுலபமானது. இரண்டு பருவத்துப் படங்களை ஒப்பிட்டால் கட்டக்கோரை காணாமல்போகும், தாழை அநேகமாக இருந்த இடத்தில் இருக்கும். ஒரு படத்தில் பிரிக்க முடியாததைக் காலம் பிரித்துக் கொடுக்கிறது. ஆழ்கற்றல் மாடல் போடலாமா என்று அதற்கு முன் ஒரு மாதம் விவாதித்துக்கொண்டிருந்தோம்.

மறுபடி வரைந்தது

தைப் படத்தைத் தூக்கிப் போட்டோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மடி இழுத்துத் தரையைக் கிளறும் படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, இன்னும் வலுக்காது. தடைக்காலத்தின் முதல் சில வாரங்கள்தான் மேலிருந்து இந்தக் கடலைப் பார்க்கச் சரியான சமயம் என்பது என் கணிப்பு. அந்த வாரங்களின் படங்களை மட்டும் எடுத்தோம். மங்கல் விகிதத்தைக் கட்டத்துக்குக் கட்டம் தனியாக, சட்டத்தை இறக்கி ஆழம் அளந்த இடங்களை வைத்தே கணக்கிட்டோம். மினுக்கத் திருத்தத்தைக் கலக்கு உள்ள இடங்களில் நிறுத்தினோம். பரீட்சைக்கு வைத்த கட்டங்களை மாடல் முடியும்வரை யாரும் திறக்கவில்லை.

புதிய வரைபடத்தில் அடர்பச்சை நிறையச் சுருங்கியது. இன்னொரு நிறமும் சேர்ந்தது, சாம்பல். காரங்காட்டு அலையாத்திக்கு எதிரே நீர் எப்போதும் கலங்கியே வருகிற இடம் அது. எந்தத் தேதிப் படத்திலும் தரை தெரியவில்லை. துல்லியம் குறையுமே என்று அதை ஏதாவது ஒரு வகையில் சேர்க்கச் சிலர் சொன்னார்கள். சேர்க்கவில்லை.

அண்ணனிடம் புதுப் படத்தைக் கொடுத்தேன். தெரிந்த இடங்களை விரலால் தடவிக்கொண்டே வந்து சாம்பலில் நிறுத்தினார்.

"இது என்ன தம்பி?"

"தெரியலைன்னு அர்த்தம் அண்ணே. மேலேருந்து பார்த்தா தெரியாது. கழியும் சட்டமும் கொண்டுதான் போகணும்."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "அங்கிட்டுப் போறதுன்னா விடியக்கருக்கல்லயே கிளம்பணும். கச்சான் ஏறிருச்சுன்னா கரைக்குத் திரும்புறது பெரும்பாடு. பெட்ரோல் பத்து லிட்டரு போட்டுட்டு வாங்க."